வடிகட்டியின் வயிற்றிலே

பில்டர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டுக் குடும்பம் எதற்கும் முதலில் நினைவுக்கு வருவது காப்பிதான். மேல் பாத்திரத்தில் பொடி. அதன் அடியில் சிறு துவாரங்கள். கீழ்ப் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷன். இந்தக் கருவியில் ரகசியம் என்பது கொஞ்சமும் கிடையாது. மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். துவாரம் தேய்ந்து பெரிதாகிவிட்டாலோ, டம்ளரின் அடியில் மண்டி தங்கும். முதல் வாயிலேயே வீட்டு எஜமானருக்கு விஷயம் விளங்கிவிடும். அடுத்த வாரம் புதுப் பில்டர் வந்துவிடும்.

மோட்டார் வண்டிக்கும் ஒரு பில்டர் உண்டு. அதில் வடிவது காப்பியன்று, என்ஜின் எண்ணெய். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. திறப்பதற்கு மூடியும் கிடையாது. தகரத்தை நாலு பக்கமும் மடித்து அடைத்து, மேலே பளபளவென்று வர்ணம் பூசி அனுப்பிவிடுகிறார்கள். அதில் மண்டி கசிந்தால் நமக்குத் தெரியாது, என்ஜினுக்குத்தான் தெரியும். என்ஜினுக்கோ வாய் கிடையாது.

இப்படித்தான் நான் வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். என்ஜினுக்கு வாய் உண்டு என்பதையும், அது ஆறு மாத காலம் தினந்தோறும் விடியற்காலையில் என் வீட்டு வாசலிலேயே கத்திற்று என்பதையும், எனக்குத்தான் காது இல்லாமற் போயிற்று என்பதையும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைச் சொல்லவே இப்போது எழுத உட்கார்ந்தேன்.

* * *

நான் முப்பத்திரண்டு வருஷம் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். பேரேட்டின் அட்டை எவ்வளவு அழகாயிருந்தாலும் அதை நம்பக்கூடாது, உள்ளே ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதற் பாடம். இதைச் சொல்வது பெருமைக்காக அல்ல. பின்னால் வரப்போகும் என் அவமானத்தின் அளவு நேயர்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

மதுரையில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு தம்பி குடியிருக்கிறான். தவணைக் கடனில் ஒரு பழைய கார் வாங்கி, வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறான். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார் ஆகிய நாலு ஜீவன்கள் அந்த நாலு சக்கரத்தை நம்பியிருக்கின்றன. ஓய்வு பெற்றவனுக்குப் புத்தி சொல்வதைத் தவிர வேறு என்ன வேலை? அவன் வரவு செலவு நோட்டை வாங்கிப் பார்த்து, ஒவ்வொரு செலவுக்கும் நான் யோசனை சொல்வதுண்டு. அவனும், "ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று கேட்டுக்கொள்வான்.

ஒரு சமயம் அந்த நோட்டில், "ஆயில் பில்டர் – ரூ. 420" என்று கண்டிருந்தது. அன்று மாலை கடைத்தெருவுக்கு அவனுடனேயே போனேன். கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்றின் விலை 420 ரூபாய். மற்றது 190 ரூபாய். உயரம் ஒன்று, பருமன் ஒன்று, மரை ஒன்று. சொல்லப்போனால் மலிவானதற்குத்தான் வர்ணம் ஒருபடி அதிகப் பளபளப்பு.

"உள்ளே இருப்பது எண்ணெயை வடிக்கிற காகிதந்தானே தம்பி! காகிதத்துக்கு 230 ரூபாய் வித்தியாசமா?" என்று கேட்டேன்.

அவன் மலிவானதை வாங்கினான். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுவது அவன் வழக்கம். வாடகை வண்டியாதலால் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அந்த முறை வந்துவிடும். இப்படி மொத்தம் மூன்று தடவை அதே மலிவுச் சரக்கே வண்டியில் ஏறிற்று. 690 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்தோம் என்று நானும் மனத்துக்குள்ளே ஒரு வரவு எழுதிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவன் வண்டியைக் கிளப்பும்போது ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. பித்தளைத் தட்டில் யாரோ கூழாங்கற்களைக் கொட்டினாற்போல் "கடகடகட" என்று நாலைந்து விநாடி கேட்கும்; பிறகு அடங்கிவிடும். என் மனைவி அதை ஒரு கடிகாரமாகவே வைத்துக்கொண்டாள். "எதிர்வீட்டு வண்டி கத்தியாச்சு, எழுந்திருங்க, காப்பி ஆறுது" என்பாள். நானும் எழுந்து ஆனந்தமாகக் காப்பி குடிப்பேன்.

* * *

சென்ற வருஷம் கோடை விடுமுறையில் ஒரு குடும்பத்தைக் கோடைக்கானலுக்கு அழைத்துக்கொண்டு போனான். வத்தலக்குண்டு தாண்டி மலையேறி, டம்டம் பாறைக்கு அருகில் போய்க்கொண்டிருந்தபோது வண்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதற்கு அறிகுறியான விளக்கு அது. அதைக் கண்ட மாத்திரத்தில் என்ஜினை நிறுத்திவிட வேண்டும் என்பது சாஸ்திரம். ஆனால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் வரிசையாகப் பஸ்கள், எங்கே நிறுத்துவது? ஒதுங்க இடம் தேடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினான். இடம் கிடைத்தபோது என்ஜினுக்குள் சம்மட்டி அடிப்பது போன்ற சத்தம் வந்துகொண்டிருந்தது.

பிரயாணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, தன் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு மறுநாள் மதுரைக்கு வந்து சேர்ந்தான். பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றே அழைப்பார்கள். நாற்பது வருஷமாக என்ஜின்களோடு பழகியவர். அவர் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "என்ஜின் இறக்கணும்" என்று இரண்டே வார்த்தை சொன்னார். பிறகு பில்டரைக் கழற்றிக் கையிலே தூக்கிப் பார்த்து, "இதை வாங்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

எதிர்வீட்டுத் தம்பி பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நான்தான் சொன்னேன்.

பாய் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. பையனைக் கடைக்கு அனுப்பி, அதே மலிவுப் பில்டரில் புதிது ஒன்றும், 420 ரூபாய்ப் பில்டரில் புதிது ஒன்றும் வாங்கி வரச்செய்தார். "சார் கணக்குப் பார்க்கிறவர். உள்ளே பார்த்துவிட்டுப் போகட்டும்" என்றார். டப்பாவைச் சுற்றித் திருகிக்கொண்டே வெட்டும் கத்தி ஒன்றை எடுத்தார். இரும்பு அறுக்கும் வாளைத் தொடவில்லை. வாள் போட்டால் இரும்புத் தூள் உள்ளே சிந்தும். என்ஜினிலிருந்து வந்த தூள் எது, வாளிலிருந்து வந்தது எது என்று பிறகு தெரியாதாம். தணிக்கைக்காரனுக்குக்கூடத் தோன்றாத ஜாக்கிரதை!

* * *

மூன்று டப்பாக்களும் வயிறு திறந்து பலகைமேல் கிடந்தன. நான் அதுவரையில் வெறுங்காகிதம் என்று எண்ணியிருந்த பொருளுக்குள் ஒரு சிறு ராஜ்யமே இருந்தது.

எண்ணெயின் பிரயாணம் இவ்வளவுதான்: பம்பு தள்ளும் எண்ணெய், டப்பாவின் வாய்த் தகட்டில் வட்டமாக இருக்கும் சிறு துவாரங்கள் வழியே உள்ளே புகுகிறது, மடிப்பு மடிப்பாக நிற்கும் காகிதத்தை வெளிப்புறமிருந்து ஊடுருவுகிறது, அழுக்கைக் காகிதத்தில் விட்டுவிட்டு, துளைகள் உள்ள நடுக்குழாய்க்குள் இறங்குகிறது, அங்கிருந்து மரையிட்ட நடுத்துவாரத்தின் வழியாக என்ஜினுக்குத் திரும்புகிறது. பாய் ஒவ்வோர் உறுப்பாகக் காட்டினார்.

முதலாவது காகிதம். இது நாம் எழுதும் காகிதமன்று. மரநாரால் செய்து, ரெசினில் தோய்த்துச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தியது; உயர்ந்த ரகங்களில் கண்ணாடி இழையோ செயற்கை இழையோ கலந்திருக்கும். நல்ல பில்டரில் 52 மடிப்புகள் எண்ணினேன். விரித்து அளந்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருந்தது. மலிவில் 31 மடிப்பு, ஆழமும் குறைவு, முக்கால் மீட்டர்கூடத் தேறவில்லை. பாதிப் பரப்பில் முழு அழுக்கும் தங்கவேண்டுமானால், பாதி நாளிலேயே அது நிறைந்துவிடும் என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை.

இரண்டாவது, காகிதத்தின் இரு முனைகளும் சந்திக்கும் தையல். அத்துடன் மேலும் கீழும் மூடும் வட்டத் தட்டுகள். நல்லதில் தையல் நெடுக உலோகப் பட்டையால் கவ்வப்பட்டிருந்தது, தட்டுகள் இரும்பு, சுற்றிலும் பசை குறைவின்றி ஊற்றப்பட்டிருந்தது. மலிவில் தட்டு அட்டை. "அட்டையாயிருப்பது குற்றமில்லை சார், ஒழுங்காக ஒட்டினால் அதுவும் உழைக்கும். இங்கே பாருங்க, ஒட்டே இல்லை" என்று பாய் நகத்தால் நெம்பிக் காட்டினார். நகம் நுழையும் சந்தில் எண்ணெய் நுழையாதா? காகிதம் எவ்வளவு மெல்லிய தூளைப் பிடிக்க வல்லதானாலும், பக்கத்தில் சந்து இருந்தால் எண்ணெய் அந்தச் சந்து வழியாகவே போய்விடும்.

மூன்றாவது நடுக்குழாய். எண்ணெயின் அழுத்தத்தில் காகிதம் உள்நோக்கி நசுங்காமல் தாங்குகிற முதுகெலும்பு அது. மலிவில் அதை இரண்டு விரலால் அழுத்தினேன். சோடா மூடிபோல் வளைந்தது.

நாலாவது, டப்பாவின் வாயருகே பாவாடைபோல் விரிந்திருக்கும் ரப்பர். என்ஜின் நின்ற பிறகு பில்டரிலுள்ள எண்ணெய் திரும்ப வழிந்து போகாமல் இது அடைத்துக்கொள்ள வேண்டும். பில்டர் படுத்த வாக்கிலோ தலைகீழாகவோ மாட்டப்படும் வண்டிகளில் இது இல்லாமல் தீராது. சாதாரண நைட்ரைல் ரப்பர் என்ஜினின் சூட்டில் நாளடைவில் விறைத்துப்போகும். சிலிகோன் ரப்பர் அதிக நாள் மிருதுவாயிருக்கும். எங்கள் வண்டியிலிருந்து வந்த ரப்பர் பழைய அப்பளம்போல் வளைத்ததும் ஒடிந்தது.

"இது கெட்டுப்போனால் ராத்திரி முழுதும் எண்ணெய் வடிந்துவிடும். காலையில் கிளப்பும்போது பில்டர் நிரம்புகிற வரையில் மேலே எண்ணெய் ஏறாது. நாலு விநாடி என்ஜின் பட்டினியாக ஓடும். கடகடவென்று சத்தம் வந்திருக்குமே, யாரும் கேட்கலையா?" என்றார் பாய்.

நேயர்களே! அந்த நிமிஷத்தில் என் நாக்கில் ஆறு மாதக் காப்பியும் கசந்தது.

ஐந்தாவது ஒரு ஸ்பிரிங்கும் மூடியுமாக உள்ள மாற்றுவழி வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டால், அல்லது குளிரில் எண்ணெய் கெட்டியாகி ஊடுருவாவிட்டால், காகிதத்தின் இரு புறத்துக்கும் அழுத்த வித்தியாசம் ஏறும். அது ஏறக்குறைய ஒரு பார் அளவை எட்டும்போது, வண்டிக்கு வண்டி இந்த அளவு சற்று மாறுபடும், இந்த வால்வு திறந்து எண்ணெயை வடிகட்டாமலே விட்டுவிடும். அழுக்கு எண்ணெய் கெடுதல்; எண்ணெயே இல்லாமலிருப்பது மரணம். இரண்டில் சிறிய கேட்டைத் தேர்ந்தெடுக்கும் விவேகி இது. மலிவில் இந்த வால்வு உருவத்துக்கு இருந்ததே தவிர, பாய் கட்டைவிரலால் முழுப் பலத்துடன் அழுத்தியும் அசையவில்லை.

இப்போது கதை முழுதும் தானாகவே விளங்கிற்று. பரப்புக் குறைந்த காகிதம் சீக்கிரம் அடைத்துக்கொண்டது. திறக்கவேண்டிய வால்வு திறக்கவில்லை. அழுத்தம் தாங்காமல் நடுக்குழாய் நசுங்கிற்று. தையல் விட்டுக் காகிதம் கிழிந்தது. அழுக்கும் காகிதத் துணுக்கும் எண்ணெய் வழிகளில் போய் அடைக்க, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் எண்ணெய் இல்லாமல் கீறுண்டு போயின. ஓர் உறுப்பின் குறை மற்றோர் உறுப்பின் குறையைக் கைபிடித்து அழைத்து வந்திருக்கிறது. பேரேட்டிலும் அப்படித்தான்; ஒரு பொய்க் கணக்கு தனியாக வருவதே கிடையாது.

* * *

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்த விஷயமாகக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன்.

ஆதியில் மோட்டார் வண்டிகளுக்கு இத்தகைய பில்டரே கிடையாது. கம்பி வலை ஒன்று பெரிய குப்பையை மட்டும் நிறுத்தும். எண்ணெயை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1923-ம் வருஷத்தில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் வடிகட்டி ஒன்றை அமைத்தார். 'சுத்த எண்ணெய் பின்னால்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களைச் சுருக்கிப் பியூரோலேட்டர் என்று அதற்குப் பெயரிட்டார்கள். 1924-ல் வெளிவந்த கிரைஸ்லர் வண்டியில் எண்ணெய் வடிகட்டி இருந்தது. ஆனால் அக்காலத்து வடிகட்டிகள் எண்ணெயில் ஒரு பகுதியை மட்டுமே வடித்தன. ஓடும் எண்ணெய் முழுவதும் வடிகட்டியின் வழியாகவே செல்லும் ஏற்பாடும், திருகி மாட்டித் திருகி எறியும் டப்பாவும் பிற்காலத்தவை.

வடிகட்டவேண்டிய எதிரி எவ்வளவு பெரியவன்? தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் 70 பங்கு. என்ஜினில் இரு உலோகங்களுக்கிடையே உள்ள எண்ணெய்ப் படலமோ சில மைக்ரான்களே. மிகப் பெரிய தூள் அந்தச் சந்தில் நுழையவே முடியாது. மிகச் சிறியது யாரையும் தொடாமல் போய்விடும். சந்துக்குச் சரிநிகராயிருந்து, 5 முதல் 20 மைக்ரான் வரையில் உள்ள தூள்தான் இரண்டு பக்கத்தையும் சுரண்டிக்கொண்டே போகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. 1988-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் செய்த சோதனையொன்றில், 40 மைக்ரான் பில்டருக்குப் பதிலாக 30 மைக்ரான் பில்டரைப் பொருத்தியபோது என்ஜின் தேய்மானம் பாதியாகக் குறைந்தது; 15 மைக்ரான் பில்டரைப் பொருத்தியபோது 70 சதவிகிதம் குறைந்தது.

அப்படியானால் துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. பரப்பை அதிகரிக்காமல் துளையை மட்டும் சிறுக்கினால் காகிதம் விரைவில் அடைத்துக்கொள்ளும், வால்வு திறந்துகொள்ளும், பிறகு வடிகட்டல் என்பதே இராது. "20 மைக்ரான்" என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. அந்த அளவுத் தூள் நூறு வந்தால் எத்தனையைப் பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐம்பதைப் பிடிப்பதும் 20 மைக்ரான் பில்டர்தான். தொண்ணூற்றைந்தைப் பிடிப்பதும் 20 மைக்ரான் பில்டர்தான். இதை அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 4548-12 என்று சர்வதேசத் தர முறையே இருக்கிறது. தம் சரக்கில் நம்பிக்கையுள்ளவர்கள் அந்தக் கணக்கை வெளியிடத் தயங்குவதில்லை.

குடும்பஸ்தர்கள் கடையில் கத்தியுடன் நின்று டப்பாவை அறுக்க முடியாது. ஆனாலும் சில காரியங்கள் செய்யலாம். வண்டியுடன் வந்த கைப்புத்தகத்தில் கண்ட எண்ணுக்குரிய பில்டரை, ரசீது கொடுக்கும் கடையில் வாங்கலாம். நடுத்துவாரத்தில் விளக்கடித்து, மடிப்புகள் ஒரே சீராக நிற்கின்றனவா, நடுக்குழாய் கோணலின்றி இருக்கிறதா என்று பார்க்கலாம். சுற்றியுள்ள துவாரத்தின் வழியே சுத்தமான குச்சி நுனியால் ரப்பரை மெல்லத் தொட்டு, அது மிருதுவாக விலகித் திரும்புகிறதா என்று அறியலாம். வாய் வளையம் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவலாம். விலை அதிகமானது எல்லாம் உயர்ந்ததுமன்று. கனமானது எல்லாம் நல்லதுமன்று. பழைய பில்டரைக் கழற்றும்போது ஒரு முறையாவது மெக்கானிக்கை வெட்டிக் காட்டச் சொன்னால், அடுத்த தடவை எதை வாங்குவது என்று அதுவே சொல்லிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் வண்டி கத்தினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

* * *

பட்டறைச் செலவு 62,000 ரூபாய் ஆயிற்று. வண்டி மூன்று வாரம் ஓடவில்லை. ஒரு தவணை தவறிற்று. தம்பியின் தாயார் கையிலிருந்த இரண்டு வளையலும் அடகுக் கடைக்குப் போயின என்பதை என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். 690 ரூபாய் வரவுக்கு எதிரே எழுத வேண்டிய பற்று இது.

பாதிப் பணத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அவன் வாங்க மறுத்தான். "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க ஐயா" என்றான். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. வளையலை மீட்டு அவன் தாயார் கையில் கொடுத்துவிட்டு, "இது என் கணக்கு அம்மா, நேர் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லித் திரும்பினேன். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

இப்போதும் ஐந்தரை மணிக்கு அவன் வண்டி கிளம்புகிறது. நான் அதற்கு முன்னாலேயே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். சாவி திரும்புகிறது. முகப்பில் சிவப்பு விளக்கு ஒரு விநாடி எரிந்து அணைகிறது. கூழாங்கல் கொட்டும் சத்தம் இல்லை. வண்டி தெருக் கோடியில் திரும்பி மறையும் வரையில் கேட்டிருந்துவிட்டுத்தான் நான் உள்ளே போய்க் காப்பி குடிக்கிறேன்.